புதுப்பிப்பு: ஒரு மாத வாசிப்பு, எது கைகொடுத்தது

விட்டுப்போன வாசிப்பை ஒரு மாதத்தில் மீட்க வழி கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

‘தினம் 30 பக்கம்’ சரிப்படவில்லை. ஒரு நாள் தவறினால் மறுநாள் 60. வட்டி கட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. பலித்தது, ‘ரயிலில் சிறுகதை மட்டும்’ என்ற யோசனை. தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் பத்துப் பக்கக் கதை கிண்டி வருவதற்குள் முடிந்துவிடும். நாவல் என்றால் பாதி அத்தியாயத்தில் இறங்க வேண்டும். நாவலுக்கு ஞாயிறு, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப் பிரிவே இருக்கிறது.

எதிர்பாராதது: ஸ்கேன் செய்த பிடிஎஃப் போனில் உதவாது. அது வெறும் படம். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும், வரிக்கு வரி நகர்த்தியே கை ஓய்ந்துவிடும். யூனிகோடு இபப் (EPUB, படமாக இல்லாமல் எழுத்தாகவே இருக்கும் மின்நூல் கோப்பு) கிடைத்தால் அதையே எடுங்கள். வரி தானாக மடங்கும்.