செர்வல் குட்டியை ஊர் வீட்டில் வைத்து வளர்க்க முடியுமா?

மூன்றாம் பங்கு:
எங்கள் அம்மான் மகன் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். ஒரு தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு செர்வல் குட்டி வாங்கியே தீருவேன் என்று நிற்கிறான். ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை, நெட்டைக் கால், பெரிய காது, உடம்பெல்லாம் புள்ளி. அபார்ட்மெண்டில் விடமாட்டார்கள் என்பதால் கானாடுகாத்தானில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டு இரண்டாங்கட்டில், அதாவது உள் முற்றத்தில், விட்டு வளர்ப்பானாம். வீடு பூட்டித்தான் கிடக்கிறது, முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கிறோம், ஆனால் அதில் பதினோரு பங்கு, சாவி என்னிடம், நாளைக்கு வனத்துறை வந்து நின்றால் பங்காளிகள் எல்லாரும் என் சட்டையைத்தான் பிடிப்பார்கள். "நம் நாட்டு மிருகம் இல்லை, சட்டத்தில் வராது" என்கிறார் தரகர். அப்படியா?

சிவகங்கை கோர்ட்:
தரகர் பழைய பாட்டைப் பாடுகிறார். முன்பு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் நம் நாட்டு விலங்குகளைத்தான் பார்த்தது, வெளிநாட்டு விலங்கு எப்படியோ உள்ளே வந்துவிட்டால் யாரும் கேட்கவில்லை. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபோது, காட்டு உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் உள்ள உயிரினங்களுக்கென்றே நான்காம் அட்டவணை வந்துவிட்டது. வீட்டுப் பூனையைத் தவிர பூனைக் குடும்பம் முழுக்க அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது, செர்வலும்தான்.

2024 பிப்ரவரியில் வந்த விதிப்படி ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாள். குட்டி போட்டாலும், கை மாறினாலும், செத்தாலும் சொல்ல வேண்டும். தரகரிடம் பதிவுச் சான்றும் இறக்குமதி அனுமதியும் கேட்கச் சொல்லுங்கள். 2020இல் மத்திய அரசு காகிதம் இல்லாமலே ஆறு மாதம் தானாக அறிவிக்க அவகாசம் கொடுத்தது, அதைச் சொல்லி இன்னும் ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அந்தக் கதவு மூடி வருடக்கணக்காகிறது.

துபாய் பங்காளி:
இங்கேயே இப்போது முடியாது. நான் வந்த புதிதில் காரின் முன்சீட்டில் சிங்கக்குட்டியை உட்காரவைத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 2016இல் வந்த சட்டத்துக்கு அப்புறம் ஆபத்தான விலங்கைத் தனியார் வீட்டில் வைத்தால் குற்றம். அமெரிக்காவிலும் 2022 டிசம்பரில் புலி, சிங்கம் வகையறாவுக்குத் தடைச்சட்டம் வந்தது, ஆனால் அந்தப் பட்டியலில் செர்வல் இல்லை, அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் பையன் பார்த்த வீடியோ அப்படி எங்காவது எடுத்ததாக இருக்கும்.

இன்னொன்று, 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து வந்த ஒருவரின் சாமானுக்குள் சிறுத்தைக் குட்டியைச் சென்னை விமான நிலையத்தில் பிடித்தார்களே, ஒரு மாதக் குட்டி. தரகர்கள் காட்டும் குட்டிகள் எந்த வழியில் வருகின்றன என்று கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள்.

வளவு ஆச்சி:
தம்பி, வராத குட்டியை விடுங்கள், முகப்பில் மாட்டியிருக்கும் பழைய தோலைப் பாருங்கள். எங்கள் மாமனாரின் அப்பா மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர், புலித்தோல் ஒன்று வீட்டில் கிடந்தது. காரைக்குடியில் பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் நல்ல விலை சொன்னார், நானும் சரி என்று சொல்ல இருந்தேன். என் மகன்தான் தடுத்தான். உரிமைச் சான்றிதழ் இருந்தாலும் விற்கக் கூடாதாம், வாரிசாக வந்தால் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டுமாம். புலி அந்தச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணை, மாட்டினால் மூன்று வருடத்துக்குக் குறையாத ஜெயில். இரும்புப் பெட்டியைக் குடைந்து சான்றிதழை எடுத்தோம், அப்புறம் தோலை அரசிடமே ஒப்படைத்துவிட்டோம். ஒரு பைசா கிடைக்காது. ராத்திரி தூக்கம் வருகிறது.

மூன்றாம் பங்கு:
எல்லாருக்கும் நன்றி. பதிவுச் சான்று கேட்டதும் தரகர் பதிலே போடவில்லை. ஆச்சி, எங்கள் முகப்பில் பழைய படமும் கடிகாரமும்தான், தப்பித்தோம். இவன் இப்போது பெங்கால் பூனை என்கிறான். அதுவாவது பரவாயில்லையா?

சிவகங்கை கோர்ட்:
அது காட்டில் இருக்கும் சிறுத்தைப்பூனையையும் வீட்டுப் பூனையையும் கலந்து உண்டாக்கியது. காட்டு ரத்தம் நாலு தலைமுறைக்குள் இருந்தால் சைட்டிஸ் அதையும் காட்டு விலங்காகத்தான் பார்க்கும். அதைத் தாண்டியது என்று காட்ட வம்சாவளிக் காகிதம் கேளுங்கள். அப்படிப்பட்ட பூனை அபார்ட்மெண்டிலேயே இருக்கும், உங்கள் சாவி உங்களிடமே இருக்கட்டும்.