டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாயைத் தாண்டியதிலிருந்து இன்ஜின் சூடு ஏறுகிறது. வெளித் தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைக் கழுவியும் தீரவில்லை

இருவர்படகு:
வணக்கம். நார்ஃபோக்கிலிருந்து ஐசிடபிள்யூ (அமெரிக்கக் கிழக்குக் கரையோர உள்நாட்டு நீர்வழி) வழியாகத் தெற்கே ஃபுளோரிடாவுக்குப் போகிறோம். படகில் கணவன் மனைவி இரண்டே பேர். 36 அடி டிராலர் (மெதுவாக ஓடும் பயணப் படகு), 120 குதிரைத்திறன் ஒற்றை டீசல் இன்ஜின், உள்ளே சுற்றும் கூலன்ட்டை வெளித் தண்ணீர் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் குளிர்வித்து எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும் அமைப்பு. இப்போது எலிசபெத் சிட்டியில் கட்டியிருக்கிறோம்.

சவுத் மில்ஸ் லாக்கை (கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் மதகு) விட்டு ஆற்றுக்கு வந்து வேகம் கூட்டியபோதுதான் கவனித்தோம். 1200 ஆர்பிஎம்மில் முள் வழக்கம்போல 180 டிகிரி ஃபாரன்ஹீட். 1800ஐத் தாண்டினால் ஐந்து நிமிடத்தில் 205. எக்ஸாஸ்டில் தண்ணீர் வருகிறது, ஆனால் குறைவு. கூடவே வெள்ளை ஆவி. ஸ்ட்ரெய்னர் கூடை முழுக்கப் பச்சையாக இருந்தது, கழுவி மாட்டியும் அதே நிலைதான். கூலன்ட் அளவு, பெல்ட் இரண்டும் சரி. நாளை 1200லேயே வைத்து ஆல்பமார்ல் சவுண்டை (தெற்கே உள்ள பரந்த நீர்ப்பரப்பு) கடக்கலாமா?

சுக்கான்:
வேண்டாம். ஆல்பமார்ல் அகலம் அதிகம், ஆழம் குறைவு. காற்று கொஞ்சம் எழுந்தாலே அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் வரும். அதில் படகை நேராகப் பிடிக்க 1800 தேவைப்படும் நேரத்தில்தான் உங்கள் இன்ஜின் கைவிடும். கட்டிய இடத்திலேயே சரி செய்துவிட்டுப் புறப்படுங்கள்.

மெதுவாகப் போகும்போது சரி, சுமை ஏறினால் சூடு, எக்ஸாஸ்டில் நீர் குறைவு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கோளாறு கூலன்ட் பக்கம் இல்லை, வெளித் தண்ணீர் பக்கம். கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி நேரத்தை வீணாக்காதீர்கள்.

காரணம் டக்வீட் என்ற மிதக்கும் சிறு நீர்ச்செடி. டீப் க்ரீக், சவுத் மில்ஸ் என்ற இரண்டு லாக்குகளுக்கு நடுவே நீர் ஏறத்தாழ அசையாமல் நிற்பதால் கடுகளவு இலைகள் மேலே பாய் விரித்தது போல மிதக்கும். அவை கூடையில் ஈரத்துணி மாதிரி ஒட்டி நீரை நிறுத்திவிடும். கூடையைக் கழுவினால் தடை போய்விடும். ஆனால் தடை இருந்த நேரத்தில் பம்புக்கு நேர்ந்த சேதம் அப்படியே இருக்கும்.

வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். முதலில், படகின் அடியில் வெளித் தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சீகாக் வால்வை மூடுங்கள். மூடியதும் இன்ஜின் சாவியை எடுத்து அந்த வால்வின் கைப்பிடியில் மாட்டிவிடுங்கள். ஒருவர் கீழே வேலை செய்யும்போது மற்றவர் மேலே ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. வால்வைத் திறக்க மறந்து கிளம்பவும் கூடாது. இரண்டையும் அந்தச் சாவி தடுக்கும். இருவர் மட்டும் போகும் படகில் இந்தப் பழக்கம் கட்டாயம்.

அடுத்து, ஸ்ட்ரெய்னருக்கு வரும் ஹோஸை ஸ்ட்ரெய்னர் பக்கம் கழற்றி, நீர்மட்டத்துக்குக் கீழே தாழ்த்திப் பிடித்து, வால்வை ஒரு நொடி திறங்கள். வால்வு மூடவில்லையென்றால் அடைக்க, கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்று கையருகே இருக்கட்டும். நீர் பீறிட்டு வந்தால் அடிப்பகுதி சுத்தம். மெலிதாக வந்தால் அடியில் உள்ள துவாரமோ வெளிக் கம்பிவலையோ அடைத்திருக்கிறது. டிங்கிக்கு (காற்றடைத்த துணைப் படகு) காற்றடிக்கும் கால் பம்பை அந்த ஹோஸில் பொருத்தி வெளிப்பக்கமாகக் காற்றை அழுத்தினால் பெரும்பாலும் விடுபடும்.

நீராவி:
சுக்கான் அண்ணா சொன்னதோட இன்னொண்ணு. கூடையைக் கழுவி மூடினீங்களே, மூடி கேஸ்கெட் சரியா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. ஸ்ட்ரெய்னர் மூடி நீர்மட்டத்துக்கு மேல இருந்தா, கேஸ்கெட் இடைவெளி வழியா பம்ப் காத்தை இழுக்கும். தண்ணி வெளியே கசியாது, அதனால கண்ணுக்குத் தெரியாது. இன்ஜினை 1500ல ஓடவிட்டு கண்ணாடிக் கிண்ணத்துல டார்ச் அடிங்க. குமிழ் ஓடினா அதுதான். கேஸ்கெட்டையும் அது உட்காரும் பள்ளத்தையும் துடைச்சு, சிலிகான் கிரீஸ் மெலிசா தடவி மாட்டுங்க.

கிண்ணத்துல தண்ணி பழுப்பா தெரியறதை அழுக்குன்னு நினைக்காதீங்க. அந்தச் சதுப்புநிலத் தண்ணியே பால் ஊத்தாத டீ மாதிரிதான் இருக்கும். இலை, பட்டையிலிருந்து இறங்குற டானின் அது.

குமிழ் இல்லேன்னா பம்பைத் திறந்து இம்பெல்லரை, அதாவது உள்ள சுத்துற ரப்பர் இறக்கைச் சக்கரத்தைப் பார்க்கணும். வால்வை மூடி, பம்ப் கவர் திருகுகளைக் கழற்றுங்க. கவரை எடுக்குறதுக்கு முன்னாடி அடியில ஒரு துணி விரிங்க, திருகு பில்ஜுக்குள்ள (படகோட அடிப்பள்ளம்) விழுந்தா தேடி மாளாது. இறக்கைகளை எண்ணுங்க. ஓரம் பிய்ஞ்சிருந்தாலோ, அடியில வெடிப்பு இருந்தாலோ, வளைஞ்சே நின்னுட்டாலோ மாத்திடணும். ரப்பர் இம்பெல்லரை நனைக்கிறதும் குளிர வைக்கிறதும் அந்தத் தண்ணிதான். அது நின்னா சில நிமிஷத்துல இறக்கை கருகிப் பிய்ஞ்சிடும்.

புதுசுக்கு கிளிசரின் அல்லது பாத்திரம் கழுவுற சோப்புத் திரவம் தடவுங்க. பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம், ரப்பரை ஊத வைக்கும். பம்ப் சுத்துற திசைக்கு எதிர்ப்பக்கம் இறக்கைகள் சாய்ஞ்சிருக்கிற மாதிரி திருகியபடியே உள்ளே தள்ளுங்க. கவருக்குப் புது கேஸ்கெட் போடுங்க.

இருவர்படகு:
நன்றி. அடி ஹோஸில் நீர் பலமாக வந்தது, குமிழ் இல்லை. இம்பெல்லரில் ஆறு இறக்கையில் இரண்டைக் காணவில்லை, மூன்றாவது பாதி கிழிந்திருக்கிறது. உதிரி ஒன்று இருந்தது, மாற்றிவிட்டோம். 1800ல் இப்போது 190. இது போதுமா?

சுக்கான்:
போதாது. 180 வர வேண்டிய இடத்தில் 190 வருகிறது என்றால் காணாமல்போன துண்டுகள் இன்னும் வழியில் கிடக்கின்றன. பம்பிலிருந்து வெளியேறும் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள், வளைவில் சிக்கியிருக்கலாம். அங்கே இல்லையென்றால் அடுத்து ஆயில் கூலரோ ஹீட் எக்ஸ்சேஞ்சரோ எது வருகிறதோ அதன் நுழைவாய் மூடியைத் திறங்கள். குழாய்க் கற்றையின் வாயில் அப்பிக் கிடக்கும். கத்தியால் குத்தி உள்ளே தள்ளிவிடாமல் மூக்கு இடுக்கியால் வெளியே இழுங்கள். கண்டெடுத்த துண்டுகளைப் பழைய இம்பெல்லரோடு பொருத்திப் பாருங்கள். இரண்டரை இறக்கையும் கணக்குக்கு வரும்வரை தேடல் முடியவில்லை. திறந்த கையோடு ஜிங்க் பென்சிலையும் (மற்ற உலோகம் அரிக்காமல் தான் கரையும் துத்தநாகக் குச்சி) பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். உடைந்து விழுந்த ஜிங்க் துணுக்கும் இதே குழாய்களை அடைக்கும்.

கூலன்ட் அழுத்த மூடியை மட்டும் சூட்டில் திறக்கவே கூடாது.

இருவர்படகு:
ஹோஸ் வளைவில் ஒன்று, ஆயில் கூலர் வாயில் ஒன்றரை. எல்லாம் கணக்குக்கு வந்துவிட்டன. 1800ல் இருபது நிமிடம், முள் 180ஐ விட்டு நகரவில்லை. எக்ஸாஸ்ட் நீரும் பழையபடி. வழியில் மறுபடி நடந்தால் இரண்டு பேரில் யார் என்ன செய்வது?

நீராவி:
முன்னாடியே பிரிச்சுக்கோங்க. சுக்கான்ல இருக்கிறவர் நியூட்ரல் போட்டு, இருக்கிற ஓட்டத்துலேயே படகுப் பாதை நடுவை விட்டு ஒதுக்கணும். விஎச்எஃப் ரேடியோவுல சேனல் 16, 13 ரெண்டுலயும் இருக்கிற இடத்தைச் சொல்லணும். மத்தவர் நேரா நங்கூரத்துக்குப் போகணும், இன்ஜின் அறைக்கு இல்லை. 10 அடி ஆழம், படகோட முன்முனை தண்ணிக்கு மேல 4 அடி உயரம்னா கணக்கு 14 அடிக்கு. ஐந்து மடங்கு, 70 அடி கயிறு விடுங்க. ராத்திரி தங்கணும்னா ஏழு மடங்கு, 98 அடி. படகு நின்ன பிறகுதான் கீழே இறங்கணும்.

ஆல்பமார்லுக்கு அப்புறம் அலிகேட்டர் ஆறு, அது முடிஞ்சதும் பங்கோ ஆற்றுக்குப் போற 20 மைல் கால்வாய். அதுல ஓரங்கள்ல மரக்கட்டைகள் மூழ்கிக் கிடக்கும், ரொம்ப ஒதுங்கிடாதீங்க.

கூலன்ட் முள்ளை மட்டும் நம்பாம, எக்ஸாஸ்ட் ஹோஸ் மேல கட்டுற சூடு அலாரம் ஒண்ணு வாங்குங்க. தண்ணி நின்னா அந்த ஹோஸ்தான் முதல்ல சுடும். கூலன்ட் முள் நகர்றதுக்கு முன்னாடியே அது கத்திடும்.

கடலோரம்:
ஆல்பமார்லைப் பற்றி ஒன்று. அந்தக் குலுக்கலில் டீசல் டேங்க் அடியில் படிந்த கசடு கலங்கி மேலே வரும், முதல் ஃபில்டர் அடைத்து இன்ஜின் தானாக நின்றுவிடும். இப்போதே டீசல் ஃபில்டர் கிண்ணத்தில் நீர் இருக்கிறதா பாருங்கள், உதிரி ஃபில்டர் இரண்டு கையருகே வையுங்கள். வழியில் ஃபில்டர் மாற்றிக் காற்றை வெளியேற்ற இன்ஜினை நீண்ட நேரம் கிராங்க் செய்ய (ஸ்டார்ட்டரால் சுற்ற) நேர்ந்தால் சீகாக்கை மூடிக்கொண்டு செய்யுங்கள். இன்ஜின் ஓடாதபோது பம்ப் தள்ளும் நீரை வெளியே ஊத எக்ஸாஸ்ட் காற்று இருக்காது. மஃப்ளர் நிறைந்து நீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். இன்ஜின் ஓடத் தொடங்கிய அதே நொடியில் வால்வைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் புது இம்பெல்லரும் போய்விடும். இதற்கும் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் சாவியில், ஒருவர் வால்வில்.

உதிரி இம்பெல்லர் இப்போது கையில் இல்லை. இன்னும் இரண்டு, கவர் கேஸ்கெட்டோடு, எலிசபெத் சிட்டியை விட்டுக் கிளம்புமுன் ஆர்டர் செய்துவிடுங்கள்.