பதில்: என் வீட்டுப் படலைக்குச் சேர்க்கும் காசு பற்றி

எல்லோருக்கும் வணக்கம்.

திருகோணமலையில் அக்கா பூட்டில்லாத வீட்டில் இருக்கிறா, காவலுக்குக் காசு சேர்ப்போம் என்று சிட்னித் தம்பி நம் ஊர்ச் சங்கத்தாருக்கு எழுதிய மடலை நான் இரண்டு நாள் பிந்தித்தான் பார்த்தேன், அதற்குள் பதினொரு பேர் காசு தருவதாக எழுதிவிட்டீர்கள். ஒருவர் கமரா, ஒருவர் இரும்புப் படலை, டொரன்டோ அண்ணை ஒருபடி மேலே போய் என்னைக் கொழும்பில் மாடி வீடு எடுத்து இருத்தப்போகிறாராம். அன்புக்கு நன்றி. தயவுசெய்து நிறுத்துங்கள்.

தம்பி கண்டது உண்மைதான். பகல் பதினொரு மணிக்கு வந்தான், படலை திறந்து கிடந்தது, விறாந்தையில் ஒரு புள்ளிமான் நின்று என் செவ்வரத்தையைத் தின்றுகொண்டிருந்தது, நான் வீட்டில் இல்லை. பயந்துவிட்டான், சரி. ஆனால் அவன் இரண்டு தரம் கூப்பிட்டதும் எதிர்வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, "அன்ரி மீன் வாங்கப் போயிட்டா, அப்படியே பத்திரகாளி கோயிலுக்கும் போட்டுத்தான் வருவா, நீங்கள் சிட்னி மாமாதானே?" என்று கேட்டதை ஏன் மடலில் எழுதவில்லை? அந்தப் பிள்ளை அவனை முன்பின் கண்டதில்லை. மூக்கைப் பார்த்துச் சொன்னதாம். எந்தக் கமரா இதைச் செய்யும்?

மானைப் பற்றி ஒரு வார்த்தை. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே கொண்டுபோய்க் கட்டிய கோட்டை, பிறகு ஒல்லாந்தன், வெள்ளைக்காரன் என்று எல்லோரும் காவல் வைத்த கோட்டை. அதற்குள்ளிருந்தே மான் தன்பாட்டில் வந்து போகிறது. என் தகரப் படலைக்கா அடங்கும்?

லண்டனில் நான் இருந்த மாடியில் மூன்று பூட்டு. ஒருமுறை காய்ச்சலில் நாலு நாள் எழும்பவில்லை. கதவைத் தட்டிய ஒரே ஆள் விலாசம் மாறி வந்த பீட்சாக்காரப் பெடியன். இங்கே போன மாதம் இரண்டு காலை பாண்கடைக்குப் போகவில்லை, மூன்றாம் நாள் கடைக்காரர் பெடியனிடம் பாணும் கொடுத்து, கடன் கொப்பியையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அக்கறையா, கணக்குப் பயமா என்று நான் கேட்கவில்லை. இரண்டும்தான்.

தொல்லையும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. கையில் சூடைமீன் பையோடு ஏகாம்பரம் வீதியால் வந்தால் வீடு சேருவதற்குள் மூன்று பேர் "இண்டைக்கும் சூடையோ?" என்று கேட்பார்கள். கண்ணில் சத்திரசிகிச்சை செய்ய இரவு ரயில் ஏறிக் கொழும்புக்குத்தான் போகவேண்டி இருந்தது. ஆனால் காலையில் டச்சுக் குடாவில் சூரியன் கடலால் எழும்புவதைப் பார்த்துவிட்டு, பின்னேரம் அதே செருப்போடு நடந்துபோய் உட்துறைமுகப் பக்கம் மலைகளுக்குப் பின்னால் அது இறங்குவதையும் பார்க்கிறேன். இரண்டு கடலுக்கு நடுவே ஊர், பஸ் காசுகூட இல்லை. மூதூரில் சாவீடு என்றால் கிண்ணியாத் துறையில் பாதைக்கு, அதுதான் ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காய்ந்துபோய் நின்ற நாள் உங்களுக்கு நினைவிருக்கும். 2009இல் பாலம் வந்தது, 396 மீட்டர், இப்போது கண்மூடித் திறக்கமுன் அக்கரை. கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும், நிலாவெளி, உப்புவெளிக்கு வந்த வெள்ளைக்காரர் போய்விடுவார்கள், மீன் விலை ஏறும், ஊர் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். எனக்குப் பிடித்த மாதங்கள் அவைதான்.

பொருளாளரிடம் ஒரு கேள்வி. வாசிகசாலைக் கூரைக்கு நாற்பது தகரம் என்று கணக்கில் இருக்கிறது. நான் போய் நின்று எண்ணினேன், முப்பத்திரண்டு. எட்டுத் தகரம் எங்கே? இதைக் கேட்டால் டொரன்டோ அண்ணைக்குக் கோபம் வரும், வரட்டும். பூட்டில்லாமல் நான் இருப்பது சங்கத்துக்கு வெட்கம் என்று எழுதியிருக்கிறார். 2004 சுனாமிக்குப் பிறகு தோணி வாங்கிக் கொடுத்து, வலைக்குக் காசில்லை என்றுவிட்டு, தோணியில் சங்கத்தின் பெயர் எழுதப் பெயின்ற்றுக்கு மட்டும் காசு கண்டீர்களே, அதற்கு யார் வெட்கப்பட்டது?

காசு கொடுக்கத்தான் கை உன்னுகிறது என்றால், மூடிபோட்ட குப்பைத் தொட்டி நாலு வாங்கித் தாருங்கள். பஸ் நிலையத்தடியில் சோற்றுப் பார்சல் பொலித்தீனை மான் தின்கிறது, வயிறு அடைத்துச் சாகிறது. பற்றுச்சீட்டு நான் அனுப்புவேன். பெயர் எழுதத் தேவையில்லை.

தம்பி, நீ விட்டுப்போன மூக்குக்கண்ணாடி பாண்கடையில் பத்திரமாக இருக்கிறது. குடித்த இரண்டு பிளேன்ரீக்குக் காசு கொடுக்காமல் போய்விட்டாயாம். என் கொப்பியில் எழுதிவிட்டார்கள்.

அக்கா