புதுப்பிப்பு: ஏற்காடு எஸ்டேட் கேட் கேமரா, இரவில் அணைவது நின்றது

போன மாதம் எழுதியிருந்தேன்: எங்கள் காப்பித் தோட்டத்து கேட் கேமராவுக்கு மின்சாரமும் ஈதர்நெட் கேபிள் வழியாகவே (பிஓஇ) போகிறது. பகலில் நன்றாக ஓடும், இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும். பலரும் கேபிளுக்கு மின்சாரம் கொடுக்கும் நெட்வொர்க் சுவிட்சை மாற்றச் சொன்னீர்கள். சுவிட்சில் கோளாறு இல்லை.

கேபிளுக்குள் இருக்கும் கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளையாக அலுமினியம்! செம்பைவிட அதற்கு மின்தடை அதிகம். போதாததற்கு, சில்வர் ஓக் மரத்தடியில் யாரோ முறுக்கி ஒட்டிய ஒரு இணைப்பு, பனி ஈரத்தில் பூத்துப் போயிருந்தது. இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கேமரா கூடுதல் மின்சாரம் இழுக்கும். அந்த நேரம் பார்த்து வழியிலேயே வோல்டேஜ் விழுந்திருக்கிறது. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரப்படி சுவிட்சின் போர்ட் 15.4 வாட் கொடுத்தாலும், மறுமுனைக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட்தான். அதுவும் ஒழுங்கான கேபிளில், 100 மீட்டருக்குள்.

இப்போது முழுச் செம்புக் கேபிள், நடுவில் இணைப்பே இல்லாமல், 95 மீட்டர். பன்னிரண்டு இரவுகளாக ஒருமுறைகூட அணையவில்லை. பழைய கேபிளைச் சேலத்தில் வாங்கும்போது விலையை மட்டும் பார்த்துவிட்டேன், அதுதான் வருத்தம்.

அப்புறம், சித்திரை இடிக்கு முன்பு இரண்டு முனையிலும் சர்ஜ் பாதுகாப்பு (திடீரென எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் கருவி) வைத்து எர்த் கொடுக்க வேண்டும். இந்த மலையில் அது இல்லாமல் வெளியே கேபிள் இழுக்காதீர்கள்.