சேலைக்கடையில் நின்று நின்று குதிகால் வலி: கரண்ட் வைத்தும் தீரவில்லை, ஊசி போடலாமா?

வள்ளியூர்க்காரி

எனக்கு வயது 43. திருநெல்வேலியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் இருக்கிறேன். காலையில் ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பது வரைக்கும் நிற்பதுதான் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் உட்காருவோம். எங்கள் பிரிவில் மெத்தை போட்டு அதில்தான் சேலையை விரித்துக் காட்டுவோம், அதனால் செருப்புக்கு அனுமதி இல்லை. மெத்தையை விட்டு இறங்கினால் கிரானைட் தரை. ஏசியில் சாயங்காலம் ஆகும்போது தரை ஜில்லென்று ஆகிவிடும்.

வலது குதிகாலில் வலி ஆரம்பித்துப் பல மாதம் ஆகிறது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணி ஏறின மாதிரி இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவேன். பால் பொங்கி வருவதற்குள் வலி கொஞ்சம் தணிந்துவிடும். அப்புறம் கடையில் சாப்பிட்டு எழுந்தால் மறுபடியும் அதே குத்தல். ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்து வந்து எங்கள் ஸ்டாப்பில் இறங்கும்போதும் அப்படித்தான்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து "குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது" என்றார்கள். ஒரு இடத்தில் கரண்ட் வைத்தேன். வைத்த அன்று சுகமாக இருந்தது, அவ்வளவுதான். என் மாமியார் செங்கலைச் சூடு பண்ணி, அதன்மேல் எருக்கிலையைப் போட்டு மிதிக்கச் சொல்கிறார்கள். இப்போது டாக்டர் குதிகாலில் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்கிறார். கடையில் கூட வேலை பார்க்கிற பெண்ணோ, ஊசி போட்டால் கால் கெட்டுப்போகும் என்று பயமுறுத்துகிறாள். வளர்ந்த எலும்பை வெட்டாமல் இது தீருமா? லீவு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தடம் எண் ஏழு

அக்கா, நான் அரசு பஸ் கண்டக்டர். இதே வலி எனக்கும் வந்து போனது. எனக்குக் கேட்டது படிக்கட்டுப் பயிற்சிதான். டிப்போ படியில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றுவேன். முதல் மாதம் ஒரு பலனும் தெரியாது, அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் கொண்டுவந்தார்கள். வேலைக்கு நிற்கும் எல்லோருக்கும் உட்கார இருக்கை போட வேண்டும், ஆள் வராத நேரத்தில் உட்கார விட வேண்டும் என்பதுதான் அது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டில் பி. விஜி தொடங்கிய பெண்கூட்டு அமைப்பு, ஜவுளிக்கடைப் பெண்களை வைத்துப் போராடி வாங்கியது. உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறதா? இல்லாவிட்டால் நாலைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்டால் தனியாகத்தான் திட்டு விழும்.

கோவில்பட்டி பிசியோ

அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட். உங்களை மாதிரி ஜவுளிக்கடை, பாத்திரக்கடை ஆட்கள், டீச்சர்கள், தீப்பெட்டி ஆபீஸில் நின்று வேலை செய்கிறவர்கள் என்று வாரம் தவறாமல் இந்த வலியோடு வருகிறார்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த எலும்பை மறந்துவிடுங்கள். குதிகாலே வலிக்காத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரே எடுத்தால் அதே முள் தெரியும். வலி பெரும்பாலும் அதிலிருந்து வருவதில்லை. குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்கள் வரை ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது, பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுதான். அது குதிகாலில் ஒட்டியிருக்கும் இடம், உட்பக்கமாகக் கொஞ்சம் முன்னால், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் 'ஆ' என்று கத்துவீர்கள். அந்த இடம் தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏறியிருக்கிறது. ராத்திரி தூங்கும்போது பாதம் தொங்கி, சவ்வும் கெண்டைக்கால் தசையும் சுருங்கியே கிடக்கும். காலையில் மொத்த எடையும் சட்டென்று ஏறும்போதுதான் அந்தக் குத்தல். நீங்கள் சொன்ன அடையாளம் எல்லாம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆனாலும் தொட்டுப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன்.

வேறு ஏதாவது இருக்குமோ என்பதற்குச் சில கேள்விகள். படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? எரிச்சல், மதமதப்பு உண்டா? குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அமுக்கினால் உயிர் போகிறதா? அப்படியானால் எலும்பில் விரிசல் இருக்கலாம். காலையில் இடுப்பும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடக்கிறதா? இதில் எதற்காவது ஆமாம் என்றால் டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். சுகர் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று?

சுகரைக் கேட்பதற்குக் காரணம் உங்கள் மாமியாரின் செங்கல். ஒத்தடம் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், நான் மறுக்கவில்லை. சுகரால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் செங்கலின் சூடு தெரியாது. கொப்புளம் போட்டு, அது புண்ணாகி, ஆறாமல் என்னிடம் வந்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். எருக்கம்பாலும் தோலை அரிக்கும். சுகர் இல்லை, உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று உறுதியான பிறகு, பொறுக்கிற சூட்டில் வெறும் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளுங்கள். இலை வேண்டாம்.

கரண்ட் வைப்பதுதான் பிசியோதெரபி என்று நம் ஊரில் ஆகிப்போனது எனக்கு நிஜமாகவே வருத்தம். கரண்ட் வலியைக் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும். சவ்வுக்குத் தாங்கும் பலம் வருவது பயிற்சியால்தான். இரண்டு பயிற்சி சொல்கிறேன்.

ஒன்று, கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பு. வலது காலை இடது முழங்காலின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக வளையுங்கள். மற்றக் கையால் உள்ளங்காலைத் தடவினால் சவ்வு கம்பி மாதிரி விறைத்து நிற்பது தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் இன்னும் வளைக்கவில்லை என்று அர்த்தம். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள், பத்துத் தடவை. கடையில் சாப்பிட்டு எழுவதற்கு முன்பும், பஸ்ஸில் ஸ்டாப் வருவதற்கு முன்பும் இதையே செய்யுங்கள்.

இரண்டாவதுதான் முக்கியம், கண்டக்டர் அண்ணன் சொன்ன படி. ஒரு துண்டை இறுக்கிச் சுருட்டிப் படி விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் ஏறி மடங்கும்படி நில்லுங்கள். சுவரையோ கைப்பிடியையோ பிடித்துக்கொள்ளலாம். மூன்று எண்ணி மேலே ஏறி, இரண்டு எண்ணும் வரை நின்று, மூன்று எண்ணிக் கீழே இறங்க வேண்டும். பன்னிரண்டு தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று சுற்று. முதலில் இரண்டு காலாலும், பிறகு வலித்த காலால் மட்டும். அது சுலபமாகிவிட்டால் தோளில் ஒரு பையில் அரிசியோ புத்தகமோ போட்டுப் பாரத்தைக் கூட்டி, எண்ணிக்கையைப் பத்து, எட்டு என்று குறையுங்கள். டென்மார்க்கில் ஆராய்ந்து 2014-ல் வெளியிட்ட முறை இது. வெறுமனே நீட்டி இழுக்கும் பயிற்சி செய்தவர்களைவிட இப்படிச் செய்தவர்கள் மூன்றாம் மாதத்தில் நல்ல முன்னேற்றத்தோடு இருந்தார்கள்.

செய்யும்போது வலிக்கும். பத்துக்கு நாலு, ஐந்து அளவு வலி என்றால் பரவாயில்லை, மறுநாள் காலை முதல் அடி வழக்கத்தைவிட மோசமாக இல்லாமல் இருக்க வேண்டும். மோசமானால் சுற்றைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

ஊசியைப் பற்றி: கால் கெட்டுப்போகும் என்பது மிகை. அதே நேரம், அது தரும் நிம்மதி பெரும்பாலும் சில வாரங்களுக்குத்தான். திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு கிழியவும், குதிகாலின் அடியில் இருக்கும் கொழுப்பு மெத்தை மெலியவும் வாய்ப்பு உண்டு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்று மாதம் இந்தப் பயிற்சியை ஒழுங்காகச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு டாக்டரிடம் ஊசியைப் பற்றிப் பேசுவேன். அறுவை சிகிச்சை எல்லாம் கடைசிக் கதவு. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் அது இல்லாமலேயே சரியாகிவிடுகிறது.

வீட்டில் மொசைக், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். எம்சிஆர் (மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர்) செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். "அது சுகர்க்காரர்கள் செருப்பு" என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். தொழுநோயில் பாதத்தின் உணர்ச்சியை இழந்தவர்களுக்காக வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் கூட இருந்தவர்களும் இந்த ரப்பரைச் செருப்பாக்கினார்கள். அவ்வளவு நொந்த பாதத்துக்குச் செய்ததை நாம் போட்டுக்கொள்வதில் என்ன கூச்சம்?

வடமராட்சியாள்

நான் லண்டனில் தாதியாக வேலை செய்கிறேன். எனக்கும் வார்டில் நடந்து நடந்து இந்தக் குதிக்கால் நோ வந்தது. இங்கே பாதத்துக்கென்றே போடியாட்ரிஸ்ட் என்று தனிப் படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர் காலமை எழும்பியவுடன் எப்படி இருக்கிறது என்று கேட்டு, நான் நடக்கிறதைப் பார்த்து, பழைய சப்பாத்தின் அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்றும் திருப்பிப் பார்த்தார். சப்பாத்துக்குள் வைக்கிற தாங்கியை அளவெடுத்துச் செய்ய வேண்டுமோ என்று கேட்டேன். கடையில் வாங்கக்கூடியதே போதும், விலை கூடினதால் இந்த நோவுக்குக் கூடுதல் பலன் இல்லை என்று சொல்லிவிட்டார். அக்கா, அளவெடுத்துச் செய்கிறோம் என்று யாராவது பெரிய காசு கேட்டால் யோசித்துக் கொடுங்கோ.

கோவில்பட்டி பிசியோ

சரியாகச் சொன்னீர்கள். நம் நாட்டில் அந்தத் தொழில் தனியாக வளரவில்லை. பாதத்துக்கென்று கவனிப்பு இருப்பது பெரும்பாலும் சர்க்கரை நோய் மருத்துவமனைகளில்தான். மற்ற இடங்களில் எலும்பு டாக்டர், பிசியோ, செயற்கை உறுப்புப் பிரிவு என்று மூன்று வாசல் ஏற வேண்டியிருக்கிறது. அக்காவுக்குப் பக்கத்தில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு பெரியாஸ்பத்திரி இருக்கிறது, சீட்டுக்குக் காசு இல்லை. பிசியோ பிரிவில் ஒரு தடவை நேரில் காட்டி, பயிற்சியைச் சரியாகச் செய்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வள்ளியூர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. இன்று காலையில் விரலை வளைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன கம்பி கைக்குத் தெரிந்தது, அழுத்தினபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எரிச்சல், மதமதப்பு எதுவும் இல்லை. படுத்தால் வலியும் இல்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு சுகர் பார்த்ததே இல்லை. பிள்ளை வயிற்றில் இருந்தபோது சுகர் கொஞ்சம் கூடுதல் என்று மட்டும் சொன்னார்கள்.

கடையில் ஸ்டூல் இருக்கிறது, ஆனால் அது கஸ்டமருக்கு. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து சூப்பர்வைசரிடம் கேட்பதாக இருக்கிறோம். மெத்தையில் செருப்பு போட முடியாதே, அங்கே என்ன செய்வது? படிப் பயிற்சியைக் கடையில் குடோன் படியில் செய்யலாமா?

கோவில்பட்டி பிசியோ

கர்ப்பகாலத்தில் கூடியிருந்தது என்றால் இந்த வாரமே சுகர் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். அப்படி இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சுகர் வர வாய்ப்பு அதிகம். வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் பார்த்து, கூடவே மூன்று மாதச் சராசரியும் எடுக்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் உங்கள் தெருவுக்கு வரும் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள்.

மெத்தைக்கு: குதிகாலுக்கு மட்டும் வைக்கிற சிலிக்கான் பேட் மெடிக்கலில் கிடைக்கும். கொஞ்சம் தடித்த சாக்ஸுக்குள் அதை வைத்துப் போட்டுக்கொள்ளலாம். சாக்ஸ் அணிய அனுமதி கேட்பது செருப்புக்குக் கேட்பதைவிடச் சுலபம். கிரானைட்டில் இறங்கும்போது மட்டும் கவனம், சாக்ஸ் வழுக்கும். அடியில் ரப்பர் புள்ளி வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

குடோன் படியில் தாராளமாகச் செய்யலாம், கைப்பிடி இருந்தால். இல்லாவிட்டால் கடையில் வேண்டாம், வீட்டு வாசல்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். சேலை கரண்டைக்கு மேல் நிற்கும்படி தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள், மறந்துவிடாதீர்கள். துண்டு விரலுக்கு அடியில் மட்டும்தான் வர வேண்டும், பாதத்தின் நடுவில் வந்துவிட்டால் பிரயோஜனம் இல்லை.