பழைய காருக்கு முழு காப்பீடு தேவையா?

வீட்டில் இரண்டு கார், இரண்டுமே அப்பா பெயரில்: 2014 ஸ்விஃப்ட் டீசல், 2022 வேகன் ஆர். இந்த மாதக் கடைசியில் இரண்டுக்கும் பாலிசி முடிகிறது. நாங்கள் இருப்பது சேலம் அஸ்தம்பட்டி.

வேகன் ஆர் வாராவாரம் ஏற்காடு ஏறி இறங்கும். 20 கொண்டை ஊசி வளைவு, மழைக்காலத்தில் கல் உருண்டு வரும். அதற்கு ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கிளெய்ம் தரும் கூடுதல் காப்பு) கட்டாயம் வேண்டும், அதில் குழப்பமில்லை.

ஸ்விஃப்ட்தான் சிக்கல். ஊருக்குள் மட்டும் ஓடுகிறது, ஆனால் தம்பி ஓட்டிப் பழகுவதும் அதில்தான். ஐடிவி (பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு) 1.8 லட்சம், நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்கான பிரீமியத் தள்ளுபடி) 50 சதவீதம். ஏஜென்ட் முழு காப்பீடே போடச் சொல்கிறார். ஆன்லைனிலும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், தெளிவு கிடைக்கவில்லை. அப்புறம், உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பை இரண்டு பாலிசியிலும் சேர்த்திருந்தார். ஒருவருக்கு ஒன்று போதும் என்பதால் ஒன்றில் நீக்கச் சொல்லிவிட்டேன்.

ஸ்விஃப்ட்டைத் தேர்ட் பார்ட்டிக்கு (நம் காருக்கு இல்லாமல், அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமான காப்பீடு) மட்டும் மாற்றலாமா, முழு காப்பீட்டிலேயே தொடரலாமா?