ஓட்டோமெற்றிக் கியர்பொக்ஸ் சம்பில் ட்ரெயின் பிளக் பொருத்தலாமா?

கேள்வி (காரைநகர்):
வணக்கம். எங்களுடைய பழைய வானின் ஓட்டோமெற்றிக் கியர்பொக்ஸ் சம்பில் (அடியிலுள்ள ஒயில் தட்டில்) ட்ரெயின் பிளக் (ஒயிலை வடிக்கும் திருகு மூடி) இல்லை. ஒயில் மாற்றும்போதெல்லாம் போல்ட்டுகளைக் கழற்றிச் சம்பைச் சாய்த்து ஊற்றவேண்டியிருப்பதால், நிலமெல்லாம் ஒயிலாகிவிடுகிறது. சம்பைக் கழற்றாமலே துளையிட்டு, மரை வெட்டிப் பிளக் போட்டுத் தருவதாக ஒரு கராஜில் சொன்னார்கள். செய்விக்கலாமா?

பதில் (கோப்பாய்):
தம்பி, சம்பைக் கழற்றாமல் துளையிட ஒருபோதும் விடாதீர்கள். உதிரும் இரும்புத்தூள் உள்ளே தங்கி வால்வுகளுக்குப் போய்ச் சேர்ந்தால் கியர் மாறுவதே கெட்டுவிடும். அத்துடன், மெல்லிய தகட்டுச் சம்பில் மரை வெட்டினால் பிளக்கைப் பிடிக்க ஓரிரு சுற்றுக்கூடத் தேறாது. லேத்தில் உள்மரையுடன் கடைந்த தடித்த இரும்பு வளையம் ஒன்றைத் துளையில் வைத்துச் சுற்றிவர வெல்டிங் செய்விப்பதே நிலையான வேலை. முதலில் உள்ளேயிருக்கும் காந்தத்தை எடுத்துவிட்டு, ஒயில் பசை துளியும் இல்லாமல் கழுவுங்கள். சூட்டில் விளிம்பு நெளிந்தால் பிறகு கசிவைத் தடுக்கும் எந்தக் கஸ்கெற்றும் நிற்காது; ஆகவே விளிம்பைத் தடித்த தகடொன்றுடன் போல்ட் பூட்டி இறுக்கிவைத்து, ஆறவிட்டு ஆறவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வைத்தால், ஊசித்துளை இருந்தாலும் கசிந்து காட்டிக்கொடுக்கும்.

பதில் (பருத்தித்துறை):
காரைநகருக்குக் கடலைக் கடக்கும் பொன்னாலைப் பாலத்தால் போய்வரும் வாகனமென்றால், உப்புக் காற்றில் சம்பின் அடி துருவேறி மெலிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெலிந்த தகட்டை வெல்டிங் பொத்துவிடும். அப்படியானால் சம்பையே மாற்றுவது நல்லது. உள்ளே நட்டும் இருபுறமும் வொஷரும் வைத்து இறுக்கும் பிளக்குகளும் உண்டு. அவற்றுக்கு வெல்டிங் தேவையில்லை, ஆனால் நட் உள்ளே உயர்ந்து நிற்பதால் அடியில் கொஞ்ச ஒயில் வடியாமல் தங்கும்.

பிளக்குக்கான இடத்தைத் தெரிவுசெய்வதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். துளையிடுமுன், நினைத்த இடத்தில் பிசைந்த கோதுமை மாவைப் பொலித்தீனில் சுற்றி வைத்துச் சம்பைப் பூட்டிக் கழற்றுங்கள். மா எவ்வளவு நசிந்திருக்கிறதோ, அதைக்கொண்டு பில்ற்றருக்கும் சம்புக்கும் இடையிலுள்ள இடைவெளியை அறியலாம். பிளக் கீழே துருத்தி நின்றால் ஒழுங்கைக் கற்களில் அடிபடும் என்பதால், பின்பக்கச் சுவரின் அடியோரமே என் தெரிவு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பிளக் போட்டபின் சம்பைக் கழற்றவே தேவையில்லையா?

பதில் (கோப்பாய்):
தேவைதான், தம்பி. பில்ற்றரை மாற்றவும் காந்தத்தில் படிந்த தூளைத் துடைக்கவும் கழற்றியே ஆகவேண்டும். பிளக்கால் வடிவது சம்பிலுள்ள ஒயில் மட்டுமே. எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையில் ஒயிலால் இயங்கும் டோர்க் கொன்வேர்ட்டரில் பெரும்பங்கு தங்கிவிடும். எனவே வடிந்ததை அளந்து அதேயளவு ஊற்றி, கியர்பொக்ஸ் சூடேறியபின், கைநூலில் சொன்ன முறைப்படி மட்டத்தைப் பாருங்கள்.